தேர்வு வைக்கிறவங்களுக்கு யார் தேர்வு வைக்கிறா?

பாவூர்சத்திரம் பக்கம் ராத்திரி பகலா குரூப் 4-க்குப் படிக்கிறவங்க நிறைய பேரு. அந்தத் தேர்வை நடத்துற டி.என்.பி.எஸ்.சி.யில உறுப்பினர் ஆகுறதுக்கு எந்தத் தேர்வும் கிடையாது.

1929-ல சென்னை மாகாணத்துல தொடங்கின இந்த ஆணையம்தான் இந்தியாவிலேயே முதல் மாகாணத் தேர்வாணையம். வேலை சிபாரிசுல போகக் கூடாதுங்கிறதுதான் நோக்கம். ஆனா உறுப்பினர்கள்? அரசியல் சாசனம் 316-வது பிரிவுப்படி ஆளுநர் நியமிப்பார். பெயரைச் சொல்றது அமைச்சரவை. ஏறக்குறைய பாதிப் பேருக்கு 10 வருஷ அரசுப் பணி அனுபவம் வேணும். மத்தவங்களுக்குத் தனியா தகுதி எதுவும் எழுதலை.

2016 ஜனவரியில அரசு 11 பேரை மொத்தமா நியமிச்சது. டிசம்பர்ல உயர் நீதிமன்றம் அத்தனையையும் ரத்து பண்ணுச்சு. காரணம், முறையா அலசித் தேர்ந்தெடுக்கலைங்கிறதுதான்.

ஒரு மார்க்ல வேலையை விடுறவங்க இதைக் கேட்கலாம்னுதான் நான் நினைக்கிறேன்: "உங்களை எப்படித் தேர்ந்தெடுத்தாங்க?"