சுவருக்குள் ஒரு பெயர்

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் விளையாடும் வீடியோ கேமுக்குள், செய்தவர்கள் ஒளித்துவைத்த அறைகளும், பாதியில் கைவிட்டு அழிக்காமல் போன காட்சிகளும் இருக்கலாம். அவற்றைத் தேடி எடுப்பதற்கென்றே உலகெங்கும் ஆட்கள் உண்டு. இதில் புகழ்பெற்ற பழைய கதை, ஒரு சம்பளக்காரரின் மனக்குறையில் தொடங்குகிறது.

1970-களின் இறுதியில் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம், கேம் எழுதியவர்களின் பெயரை எங்கும் போடாது. பெயர் தெரிந்தால் போட்டிக் கம்பெனி ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடுமாம்! வாரன் ராபினெட் என்பவர் ‘அட்வென்ச்சர்’ கேமைத் தனியாளாக எழுதினார். யாரிடமும் சொல்லாமல் அதில் ஓர் அறையும் கட்டினார். பின்னணி நிறத்திலேயே ஒரு சிறு புள்ளி, கண்ணுக்குத் தெரியாது. அதை எடுத்துவந்து குறிப்பிட்ட இடத்தில் சேர்த்தால் சுவர் வழிவிடும். உள்ளே அவருடைய பெயர். மொத்த கேமே 4 கிலோபைட்தான். நம் வாட்ஸ்அப் குழுவில் வரும் ‘காலை வணக்கம்’ படம் இதைவிடப் பெரியது!

அவர் வேலையை விட்டுப் போன பிறகு, 1980-ல், சால்ட் லேக் சிட்டியில் ஒரு 15 வயதுப் பையன் அறையைக் கண்டுபிடித்து அட்டாரிக்கே கடிதம் போட்டான். நீக்குவதற்குச் செலவாகும் என்று விட்டுவிட்டார்கள். இப்படி ஒளித்துவைப்பதற்கு ‘ஈஸ்டர் எக்’ என்ற பெயர் அங்கேதான் பிறந்தது.

நமக்குப் பக்கத்திலும் இப்படி ஒரு தேடல் நடந்திருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி, 1931-ல் தஞ்சைப் பெரிய கோயிலில், நாயக்கர் கால ஓவியப் பூச்சுக்கு அடியில் சோழர் கால ஓவியங்களைக் கண்டார். அவற்றை வரைந்தவர்களின் பெயர் மட்டும் அந்தச் சுவரில் இல்லை.