பிரதிபேதம்

1986-ல் நான் வேலை பார்த்த ஆபீஸ் தி. நகர் உஸ்மான் ரோடு பக்கம் ஒரு மாடியில் இருந்தது. கீழே பாத்திரக் கடை. மேலே ஏ.சி. போட்ட ஒரே அறையில் இரண்டு பி.சி.-எக்ஸ்.டி. கம்ப்யூட்டர்கள். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். எங்களுக்குக்கூட அந்த மரியாதை கிடையாது.

நானும் என்னைவிட ஐந்தாறு வயது இளைய ஒரு மயிலாப்பூர்க்காரரும் ஒரு தொழிற்சாலைக்குச் சம்பளக் கணக்கு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தோம். பி.எஃப். பிடித்தம் அவர் பொறுப்பு, ஓவர்டைம் என்னுடையது. ஆனால் புரோகிராம் ஒன்றுதான். அது இருந்தது 360 கே.பி. கொள்ளும் ஒரு ஃப்ளாப்பியில். யார் எழுதினாலும் கடைசியில் அதில் காப்பி செய்துவைக்க வேண்டும் என்று ஏற்பாடு.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், என் ஃபைலை அதில் காப்பி செய்துவிட்டுக் கிளம்பினேன். அன்றைய டாஸ் ‘பழையதை அழிக்கட்டுமா’ என்றெல்லாம் கேட்காது. அவர் மூன்று நாள் உட்கார்ந்து செய்த பி.எஃப். திருத்தம் போய்விட்டது. மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் தப்பாக வந்தது. “சரி பண்ணிட்டேன்னு சொன்னியே?” என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் அவரைப் பிடித்துக்கொண்டார். “பண்ணினேன் சார்” என்பதைத் தவிர அவரால் எதையும் சொல்ல முடியவில்லை. நடந்தது என்ன என்று ஒரு வாரம் கழித்து எனக்குப் புரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. சில மாதங்களில் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

இந்தத் தொல்லைக்கு அப்போதே உலகத்தில் மருந்து இருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. 1972-லேயே அமெரிக்காவின் பெல் லேப்ஸில் மார்க் ராச்கைண்ட் என்பவர் ஒரு புரோகிராமின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்துவைக்கும் எஸ்.சி.சி.எஸ். என்ற சாதனத்தைச் செய்திருந்தார். 1980-களின் தொடக்கத்தில் வால்டர் டிஹி எழுதிய ஆர்.சி.எஸ். வந்தது. இவற்றில் ஒருவர் ஒரு ஃபைலைத் திருத்த எடுத்தால் மற்றவர்களுக்குப் பூட்டு. லைப்ரரியில் ஒருவர் எடுத்துப்போன புத்தகத்துக்கு மற்றவர் காத்திருப்பது மாதிரி. எடுத்தவர் பூட்டைத் திறக்காமல் ஊருக்குப் போய்விட்டால் அவ்வளவுதான்.

அந்தப் பூட்டை உடைத்த கதை எனக்குப் பிடித்தது. ஆம்ஸ்டர்டாமில் டிக் க்ரூன் என்ற ஆசிரியர் இரண்டு மாணவர்களோடு சேர்ந்து ஒரு கம்பைலர் எழுதினார். ஒரு பையன் ஒன்பது முதல் ஐந்து வரை ஒழுங்காக வேலை செய்பவன். இன்னொருவன் எப்போது வருவான் என்று சொல்லமுடியாது. ஆசிரியருக்கோ சாயங்காலம்தான் நேரம். மூன்று பேரும் ஒருவருக்கொருவர் காத்திராமல் வேலை செய்ய அவர் எழுதியதுதான் சி.வி.எஸ். அவரவர் பிரதியில் அவரவர் திருத்தலாம். வெவ்வேறு வரிகள் என்றால் மெஷினே சேர்த்துவிடும். இரண்டு பேர் ஒரே வரியில் கை வைத்திருந்தால் மட்டும் நின்று, ‘நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்’ என்று கேட்கும். அதை அவர் எல்லோருக்கும் வெளியிட்டது 1986 ஜூனில். எங்கள் ஃப்ளாப்பி சமாசாரம் நடந்த அதே வருஷம்!

நான் அதைக் கற்றுக்கொண்டது 2000-த்துக்குப் பிறகு. ஐ.ஐ.டி. வளாகத்தில் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை சென்னை லினக்ஸ் குழு அப்போது கூடிவந்தது. என் பையன் வயதுப் பிள்ளைகள் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட் என்பதை எழுதினார். லினக்ஸ்காரர்கள் அதுவரை இலவசமாகப் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் கைவிட்டுப் போனதால் அவசரத்தில் எழுதியது. இதில் எல்லோரிடமும் முழுச் சரித்திரமும் இருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் யார், எப்போது, எதற்காக என்ற குறிப்போடு நாற்பது எழுத்தில் ஓர் எண். முந்தைய மாற்றத்தின் எண்ணும் அந்தக் கணக்கில் சேர்வதால், நடுவில் எதையாவது மாற்றினால் அதற்குப் பின் வரும் எண்களெல்லாம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதைப் படித்தபோது எனக்கு உ.வே.சா. ஞாபகம் வந்தது. போன மாதம் 29சி பிடித்து பெசன்ட் நகரில் அவர் பெயரிலுள்ள நூல்நிலையத்துக்குப் போய்வந்தேன். 1943-ல் ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் அடையாறில் தொடங்கியது. அங்கே உட்கார்ந்து ஐயர் பதிப்பித்த புறநானூற்றைப் புரட்டினேன். முதல் பதிப்பு 1894. ஒரே பாட்டு ஒவ்வோர் ஏட்டிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். தமக்குச் சரியென்று பட்டதை மேலே போட்டார். மற்றதைத் தூக்கி எறியவில்லை, ‘பிரதிபேதம்’ என்று அடியிலே கொடுத்தார். யார் யார் வீட்டு ஏடு என்று முகவுரையில் நன்றியோடு எழுதினார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயில் ஏடுகளை ஹோமத்தில் போட்டுவிட்டார்கள் என்று கேட்டு அவர் பட்ட வேதனை நமக்குத் தெரிந்ததுதான். ஒரே பிரதி, ஒரே இடம் என்றால் அந்தக் கதிதான். எங்கள் ஃப்ளாப்பியும் அப்படித்தானே.

இன்று தமிழுக்காக எழுதப்படும் புரோகிராம்களும் கிட்டில்தான் வளர்கின்றன. ‘ஓப்பன்-தமிழ்’ என்று ஒன்று உண்டு. அமெரிக்காவிலிருக்கும் முத்து அண்ணாமலையும் வேறு பலரும் சேர்ந்து எழுதுவது. ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று சாதாரணமாகக் கம்ப்யூட்டரைக் கேட்டால் ஐந்து என்னும். இகரக் குறியையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. மூன்று என்று சரியாகச் சொல்லவைப்பது இந்த மாதிரி வேலை. இன்னொரு தமிழ் புரோகிராமின் விளக்கக் குறிப்பில் ஒற்றுப்பிழை இரண்டை நான் திருத்தி அனுப்பினேன். முகம் தெரியாத யாரோ பார்த்துச் சேர்த்துக்கொண்டார். தேதி, நேரத்தோடு என் பெயர் அங்கே இருக்கிறது.

அதைப் பார்த்த பிறகுதான் மனசு கேட்கவில்லை. போன மார்கழியில் சபா கேன்டீனில் அந்த மயிலாப்பூர்க்காரரைத் தற்செயலாகப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. வெள்ளிக்கிழமைச் சமாசாரத்தை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

“அப்பவே தெரியும் சார். ரெண்டு நாள் முன்னாடி எடுத்த பிரிண்ட் அவுட் என்கிட்ட இருந்தது. வச்சுப் பார்த்தேன்.”

“அப்போ ஏன் மேனேஜர்கிட்ட காட்டலை?”

“உங்களுக்குப் பொண்ணு பொறந்து ரெண்டு மாசம்தான் ஆயிருந்தது. நான் கல்யாணமாகாதவன், வேற இடம் பார்த்துக்கலாம்னு தோணித்து” என்றவர், “காபி ஆறிப் போறது சார், சாப்பிடுங்கோ” என்றார்.