முகவாதமும் இமையாத கண்ணும்



கோடையில் மரக்காணத்து உப்பளங்களைப் பார்த்தவர் அறிவர்: வெண்குவியல்களின்மேல் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கூசச் செய்யும், கடற்காற்றோ புழுதியை வாரி இறைக்கும். நாம் இமைத்துக்கொள்கிறோம். இமைக்க இயலாத குழந்தை என் செய்யும்? சளியும் காய்ச்சலும் கண்டபின் சில குழந்தைகளுக்கு வாய் ஒருபுறம் கோணி, ஒரு கண் மூடாது நின்றுவிடுகிறது. இதனையே முகவாதம் என்கிறோம்.

வடமொழி மருத்துவ நூலார் சுசுருதர் இதனை அர்த்திதம் என்றார். வாதமாகிய காற்றின் சீற்றமே காரணம் என்பது அவர் கொள்கை. இந்நோய்க்கு ஆளாவோருள் குழந்தைகளையும் அவர் சேர்த்தார். சுமை தூக்குவதையும் ஒரு காரணமாகக் கூறினார். உப்புக்கூடை சுமப்போர் இதை ஒப்புவார்களோ, அறியேன்! கண் இமையாத நோயாளிக்குக் குணமில்லை என்றும் அவர் தீர்ப்பளித்தார். தீர்ப்பு கடுமையானது, ஆயினும் அவர் பார்த்த இடம் சரியானது. 1985-இல் ஹவுஸ், பிராக்மன் என்னும் மருத்துவர் இருவர் வகுத்த அளவுகோலிலும், முயன்றும் கண் முழுதும் மூடாமையே நோய் கடுமையாயிற்று என்பதற்கு அடையாளம்.

தொண்டை நாட்டுத் திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழன் காலத்தில், கோயிலைச் சார்ந்து ஒரு கல்லூரியும் பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையும் இருந்தன. மாணவர்க்கும் அங்கே மருத்துவம் நடந்தது. அதன் மருந்துகளைக் கல்வெட்டே பட்டியலிடுகிறது: இருமலுக்குரிய ஆடாதோடையும் கடுக்காயும் சேர்ந்த வாசாஹரீதகி உண்டு, வாதத்துக்குரிய ஆமணக்குத் தைலமும் உண்டு. ஆனால் இருமலுக்கும் முகக்கோணலுக்கும் இடையே ஒரு நரம்பு ஓடுவதை அன்று எவரும் அறிந்திலர்.

முகத்தசைகளை இயக்கும் அந்நரம்பை 1821-இல் இலண்டனில் விளக்கியவர் சார்லசு பெல். நடுச்செவியை ஒட்டிய குறுகிய எலும்புக் குழாய்க்குள் அது செல்கிறது. சளி செவிக்குப் பரவி அழற்சி உண்டானாலும், வைரசுத் தொற்றால் நரம்பே வீங்கினாலும் அது நெரிபடும். செவியில் சீழ் இருப்பின் அதனை உடனே கவனித்தாக வேண்டும். செவி நோயின்றி வரும் முகவாதம் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆறு மாதங்களுக்குள் தானே தீர்கிறது. 2022-இல் வெளியான ஆசுத்திரேலிய, நியூசிலாந்து ஆய்விலும், பிரெட்னிசலோன் மருந்தால் குழந்தைகள் விரைந்து தேறுவர் என்பதற்குத் தெளிவான சான்று கிட்டவில்லை.

அதுவரை காக்க வேண்டியது கண்ணையே. மருத்துவர் தரும் சொட்டு மருந்தைப் பகலில் இடவேண்டும். இரவில் இமையை மூடிவைக்க வேண்டும். உப்பளக் கரையில் வாழும் குழந்தையாயின், காற்றும் புழுதியும் அக்கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.