உயிரோடு பிறந்தவர்கள், உயிரோடு இருப்பவர்கள்

1911 ஏப்ரல் 2-ஆம் தேதி இரவு யார் யார் எந்த வீட்டில் தங்கினார்கள் என்று அயர்லாந்து முழுவதும் ஒரு படிவம் கேட்டது. பெயர், மதம், எழுதப் படிக்கத் தெரியுமா, வயது, தொழில், ஐரிஷ் மொழி பேசுவார்களா என்று வழக்கமான கேள்விகள்தாம். அவற்றோடு, மணமான பெண்களுக்கு மட்டும் மூன்று கட்டங்கள் இருந்தன. மணமாகி எத்தனை ஆண்டுகள்? உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை? இன்று உயிரோடு இருப்பவர்கள் எத்தனை? பெரும்பாலும் குடும்பத் தலைவன் எழுதி, போலீஸ்காரர் வந்து வாங்கிப்போன தாள் அது. அடுத்தடுத்த கட்டங்களில் 11 என்றும் 6 என்றும் எழுதியிருந்தால் அந்தத் தாய் ஐந்து பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் என்று அறிகிறோம். அவள் என்ன சொன்னாள் என்பது எங்கும் இல்லை.

விதவைகள் அந்தக் கட்டங்களை நிரப்ப வேண்டியதில்லை என்பது விதி. ஆனாலும் பல விதவைகளின் வரிசையில் எண்கள் இருக்கின்றன. கணக்கெடுப்புக்காரர்கள் பிறகு அவற்றின் மேல் கோடு இழுத்துவிட்டார்கள். அடித்த கோட்டுக்குக் கீழே அந்த எண்கள் இன்றும் படிக்கும்படியாகவே இருக்கின்றன. தேவையில்லை என்று அரசு அடித்ததுதான் இன்றைக்கு நமக்கு ஆவணம்.

இந்தத் தாள்களை அயர்லாந்தின் தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. சென்னையில் உட்கார்ந்துகொண்டே பார்க்கலாம். நான் அங்கே போனது மார்கரெட் கசின்ஸைத் தேடி. 1915-இல் இந்தியாவுக்கு வந்து, 1917-இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர் என்று நமக்குத் தெரிந்த அதே மார்கரெட். 1878-இல் ராஸ்காமன் கவுண்டியின் பாய்ல் ஊரில் பிறந்தபோது அவர் மார்கரெட் கில்லெஸ்பி. 1903-இல் ஜேம்ஸ் கசின்ஸை மணந்த பிறகுதான் கசின்ஸ். குடும்ப வரலாறு தேடும் எவருக்கும் முதல் முட்டுக்கட்டை இதுதான்: ஆணைத் தேட ஒரு பெயர் போதும், பெண்ணைத் தேட இரண்டு வேண்டும், மறுமணம் என்றால் மூன்று. 1908-இல் மார்கரெட்டும் ஹானா ஷீஹி ஸ்கெஃபிங்டனும் சேர்ந்து தொடங்கிய ஐரிஷ் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் 1911 கணக்கெடுப்பைப் புறக்கணிக்கும் போராட்டத்தில் இறங்கியது. ஓட்டு கொடுக்காத அரசு எங்களை ஏன் எண்ண வேண்டும் என்பதே அதன் நியாயம். ஆகவே வாக்குரிமைப் போராளி ஒருத்தியின் பெயர் படிவத்தில் கிடைக்கவில்லை என்றால், அவள் ஊரில் இல்லை என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடக் கூடாது.

1911-க்குப் பின்னால் போகப் போகத் தரை நழுவுகிறது. 1922 ஜூன் 30 அன்று உள்நாட்டுப் போரில் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்திலிருந்த பொது ஆவண அலுவலகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான நான்கு கணக்கெடுப்புகளின் தாள்களில் சில துண்டுகளே தப்பின. எல்லாப் பழியையும் அந்தத் தீயின் மேல் போடவும் முடியாது. 1861, 1871 ஆண்டுகளின் தாள்களை அரசே முன்னதாக அழித்துவிட்டது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாயின. 2022 ஜூனில், தீயின் நூற்றாண்டையொட்டி, டிரினிட்டி கல்லூரியின் தலைமையில் எரிந்த காப்பகத்தை இணையத்தில் மீட்டுக் கட்டும் திட்டம் திறக்கப்பட்டது. வேறு இடங்களில் இருந்த நகல்களையும் குறிப்புகளையும் தேடிச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

எரிந்த கணக்கெடுப்பின் ஒரு பகுதியைக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் கிழவர்களும் கிழவிகளும் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1908-இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது. 70 வயது என்று நிரூபிக்க வேண்டும். ஆனால் அயர்லாந்தில் எல்லாப் பிறப்புகளையும் பதிவது 1864-இல்தான் தொடங்கியது. பஞ்சத்துக்கு முன் பிறந்த ஒரு கிழவிக்கு ஏது பிறப்புச் சான்று? 1841 அல்லது 1851 கணக்கெடுப்பில் தன் பெயர் இருக்கிறதா பாருங்கள் என்று தாய் தந்தை பெயரையும் ஊரையும் எழுதிக் கொடுத்து விண்ணப்பித்தார்கள். எழுத்தர் தேடிப் பார்த்துக் கண்டதைக் குறித்தார். மூலத்தாள்கள் எரிந்தன, அந்த விண்ணப்பங்கள் தப்பின. அவையும் இப்போது இணையத்தில் உண்டு. இதே ஓய்வூதியத்தால் இன்னொரு வேடிக்கையும் நடந்தது: 1901-க்கும் 1911-க்கும் இடையிலான பத்தே ஆண்டுகளில் பலருக்குப் பதினைந்து வயது கூடியிருக்கிறது. படிவத்தின் வயதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். பிறப்புப் பதிவில் தாயின் கன்னிப்பெயர் இருக்கும். கத்தோலிக்கக் கோயில்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளிலும் பெரும்பாலும் இருக்கும். 2015-இல் தேசிய நூலகம் அவற்றின் படங்களை இலவசமாக வெளியிட்டது. ஆனால் அரசின் திருமணப் பதிவில் மணமகள், மணமகன் இருவருக்கும் தந்தையின் பெயரும் தொழிலும் மட்டுமே உண்டு. பெற்ற தாய்க்கு அங்கே இடமில்லை. 1847-க்கும் 1864-க்கும் இடையில் எடுக்கப்பட்ட கிரிஃபித் நில மதிப்பீட்டில் குடியிருப்பவரின் பெயரும் அவருக்கு இடத்தைக் குத்தகைக்கு விட்டவரின் பெயரும் மட்டும் வரும். பெண் பெயர் வந்தால் அவள் பெரும்பாலும் விதவை. தாய்வழியைத் தொடர்வதற்குக் குழந்தைகளின் ஞானஸ்நானம்தான் வாசல். ஞானப்பெற்றோராக நின்றவள் தாயின் தங்கையாக இருக்கலாம். திருமணத்தில் சாட்சிக் கையெழுத்திட்டவளும் அப்படியே. பதிவேடு லத்தீனில் இருந்தால் பிரிட்ஜெட், பிரிகிடா ஆகிவிடுவாள்; அமெரிக்காவுக்குப் போய் டீலியா ஆகிவிடுவாள். ஹோனோராவும் நோராவும் ஒருத்தியே.

பெயர் எழுதாத புகைப்படம் கையில் இருந்தால்? முதலில் முகத்தைப் பார்க்காதீர்கள், அட்டையைத் திருப்புங்கள். ஸ்டூடியோவின் பெயரும் தெருவும் அச்சிட்டிருக்கும். ஸ்டூடியோக்கள் இடம் மாறிக்கொண்டே இருந்தன. அந்தக் காலத்து முகவரிப் புத்தகங்களோடு ஒப்பிட்டால் ஆண்டு நெருங்கி வரும். பிறகு கைச்சட்டை. தோளில் பலூன்போல உப்பி முழங்கையில் இறுகினால் 1890-களின் நடுப்பகுதி. ஆனால் ஒருத்திக்கு ஒரே நல்ல உடை இருந்து, அதைப் பத்து வருஷம் அணிந்திருந்தால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். ஏழைப் பெண்களின் படங்களில் அடிக்கடி பொய்க்கும். மேற்கு அயர்லாந்துப் படங்களில் பாவாடை கட்டிய குழந்தைகளைப் பெண்பிள்ளைகள் என்று எண்ணிவிடாதீர்கள். கன்னமாராவிலும் ஆரன் தீவுகளிலும் வளர்ந்த பையன்களும் பாவாடைதான் கட்டினார்கள். வாட்டர்ஃபோர்டின் பூல் ஸ்டூடியோ எடுத்த கண்ணாடித் தகடுகள் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. அவற்றை நூலகம் ஃப்ளிக்கரில் ஒவ்வொன்றாகப் போட, எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து ஆளையும் இடத்தையும் கண்டுபிடித்துச் சொல்கிறார்கள்.

பஞ்சத்துக்குப் பின் அயர்லாந்தை விட்டுப் போனவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பெண்கள். அதிலும் மணமாகாத இளம்பெண்கள். ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் இப்படி இல்லை. அவர்களில் மிகப் புகழ்பெற்றவள் கார்க் நகரத்து ஆனி மூர். 1892 ஜனவரி 1 அன்று இரண்டு தம்பிகளோடு எல்லிஸ் தீவு வாசலில் முதல் ஆளாக நுழைந்தவள். 10 டாலர் தங்கக் காசு கிடைத்தது. அதன் பிறகு அவள் டெக்சஸ் போய், அங்கே டிராம் மோதி இறந்தாள் என்று பல ஆண்டுகள் எழுதினார்கள். அந்தக் குடும்பத்தாரை விழாக்களுக்கும் அழைத்தார்கள். 2006-இல் மேகன் ஸ்மோலென்யாக் என்ற வம்சாவளி ஆய்வாளர் பதிவுகளைத் துழாவிப் பார்த்தபோது, டெக்சஸ் ஆனி மூர் இல்லினாயில் பிறந்தவள் என்று தெரிந்தது. உண்மையான ஆனி நியூயார்க்கின் கீழ்க் கிழக்குப் பகுதியை விட்டு எங்கும் போகவில்லை. ஜெர்மன் வழி வந்த ஒருவரை மணந்தாள். பத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பெற்றாள். பாதிப் பேர் குழந்தையாகவே போனார்கள். 1924-இல் இறந்தாள். கோவ் துறைமுகத்தில் சிலையாக நின்ற அதே பெண்ணின் கல்லறை குவீன்ஸில் பெயரில்லாமல் கிடந்தது. 2008-இல்தான் கல் நட்டார்கள். அலைந்து திரிந்து வெற்றி பெற்ற கதையைத்தான் எல்லோரும் விரும்பினார்கள். வாடகைக் குடியிருப்பில் பிள்ளை பெற்றுப் பிள்ளை புதைத்தவளின் கதையை யாரும் தேடவில்லை.

அந்த 1911 படிவத்துக்கு மீண்டும் வருகிறேன். மணமாகாத தாய்க்கு அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது. அவளைத் தேடி இணையத்துக்கு வருபவர்கள் இன்று ஏராளம். ஏனென்றால் அவள் பெற்ற குழந்தைகள் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். சொந்தப் பிறப்புச் சான்றிதழைப் பெறும் முழு உரிமை அவர்களுக்கு 2022-இல் வந்த சட்டத்தால்தான் கிடைத்தது. பொழுதுபோக்காக மூதாதையரைத் தேடுபவருக்கும், பெற்றவள் பெயர் தெரியாமல் அறுபது வயதில் தேடுபவருக்கும் திறக்கிற இணையப் பக்கம் ஒன்றுதான்.

கால்வே கவுண்டியின் கேதரின் கோர்லெஸ் வரலாற்றுப் பேராசிரியர் அல்லர். இல்லத்தரசி, உள்ளூர் வரலாறு எழுதியவர். அவருடைய அம்மா மணமாகாத தாய்க்குப் பிறந்து, பிறர் வீட்டில் வளர்ந்தவர் என்பது அம்மா இறந்த பிறகே தெரிந்தது. டுவாம் ஊரில் 1925 முதல் 1961 வரை கன்னியர் நடத்திய தாய்-சேய் இல்லத்தைப் பற்றி எழுதத் தொடங்கியவர், அங்கே இறந்த குழந்தைகளின் இறப்புப் பதிவுகளைப் பதிவாளரிடம் கேட்டு வாங்கினார். ஒன்று, இரண்டு, பத்து என்று எதிர்பார்த்திருக்கலாம். வந்தவை 796. பெயர், வயது, நோய் எல்லாம் பதிவில் இருந்தன. எங்கே புதைத்தார்கள் என்பதற்கு மட்டும் பதிவில்லை. 2012-இல் உள்ளூர் வரலாற்று இதழில் எழுதினார். 2014-இல்தான் உலகம் கேட்டது. 2025 ஜூலையில் அந்த இடத்தைத் தோண்டத் தொடங்கினார்கள். அடையாளம் காண்பதற்காக உறவினர்களிடம் மரபணு மாதிரி கேட்கிறார்கள்.