ஜுக்ரா மலையும் தனி மாலுமியின் கண்ணும்

ஜெஞ்சாரோமிலிருந்து பந்திங் வழியே தெற்கு நோக்கிச் செல்வோர், சமநிலத்தில் தனித்தெழும் ஜுக்ரா மலையைக் காண்பர். கரையில் நிற்போருக்கு அது சிறு குன்றே. மலாக்கா நீரிணையில் வந்த பண்டை மாலுமிகளுக்கோ அது வழிகாட்டி. போர்த்துக்கேசியர் அதனைப் பார்சலார் என்றழைத்தனர். அரபு மாலுமிகளின் கடல்வழிக் குறிப்புகளிலும் அது இடம்பெற்றுள்ளது.

காரணம், கிள்ளான் கரைக்கு மேற்கே நீருள் மறைந்து கிடக்கும் மணல் திட்டுகள். 16ஆம் நூற்றாண்டில் பழவேற்காட்டிலிருந்து துணி ஏற்றி மலாக்காவுக்கு வந்த கப்பல்களும் அவற்றைக் கடந்தே ஆகவேண்டும். ஒருவன் ஈயக்குண்டைக் கயிற்றில் இறக்கி எத்தனை பாகம் எனக் கூவுவான். ஒருவன் மலை தெரிகிறதா என நோக்குவான். மற்றொருவன் சுக்கான் பிடிப்பான். ஒருவன் உறங்கினால் ஒருவன் விழித்திருப்பான். பின்னர் இத்திட்டுகளுள் ஒன்றான 'ஒரு பாகத் திட்டில்' கலங்கரை விளக்கம் எழுந்தது. மலாய் மொழியில் அவ்விடம் பெர்மாத்தாங் செடெப்பா எனப்படும்.

இத்தனை கண்கள் பகிர்ந்து செய்த பணியை ஒருவரே செய்வது எங்ஙனம்? ஜாஷுவா ஸ்லோக்கம் 1895 முதல் 1898 வரை தனியாகவே உலகைச் சுற்றினார். 1999இல் மலேசியரான அஸ்ஹார் மன்சோர், இதே நீரிணையின் வடவாயிலிலுள்ள லங்காவியிலிருந்து பிப்ரவரி 2ஆம் நாள் புறப்பட்டு, ஆகஸ்டு 11ஆம் நாள் மீண்டார். வீரம் போற்றத்தக்கதே. ஆனால் 1972ஆம் ஆண்டின் பன்னாட்டு மோதல் தடுப்பு விதிகளுள் ஐந்தாவது, எக்கலமும் எந்நேரமும் கண்ணாலும் செவியாலும் காவல் நோக்கவேண்டும் என்கிறது. தனித்துச் செல்வோருக்கு அதில் விலக்கு இல்லை, உறக்கத்திற்கும் இல்லை.

கணக்கும் இரக்கமற்றது. நீர்மட்டத்திற்கு 2 மீட்டர் மேலுள்ள கண்ணுக்கு அடிவானம் ஏறத்தாழ 3 கடல்மைல். பெருங்கப்பலின் மேற்கட்டு அதற்கு அப்பாலும் தெரியும் என்பது உண்மையே. ஆயின் புகைமூட்ட நாளில் அந்த 3 மைலே எல்லையாகலாம். எதிர்வரும் கப்பலுக்கு 20 நாட், பாய்ப்படகுக்கு 5 நாட் வேகம் எனின், இடைவெளி 7 நிமிடத்தில் தீரும். தனி மாலுமிகள் பலர் 15, 20 நிமிடத்திற்கு ஒருமுறை மணியடிக்க வைத்து உறங்குவது நடுக்கடலுக்கு ஒருவாறு பொருந்தலாம்; இந்நீரிணைக்குப் பொருந்தாது.

ஒரு பாகத் திட்டருகே கப்பல்களின் போக்கும் வரவும் 1981 முதல் தனித்தனித் தடங்களில் நடைபெறுகின்றன. அதனால் சிறு படகோட்டிகள் தடங்களை விட்டு விலகி, பகலில் ஓடி, இரவில் கரையோரம் நங்கூரமிட்டு உறங்குகின்றனர். ஆங்கும் தொல்லை உண்டு. விளக்கற்ற மீன்பிடிப் படகும், மிதக்கும் வலையும் மின்கருவித் திரையில் தோன்றாமற் போகலாம்.