கடாரத்துக் கப்பலும் பத்து வெள்ளியும்

கி.பி. 672 முடியும் தறுவாயில், தமிழர் கடாரம் என்று அழைத்த கெடாவின் கரையில் ஒரு மாணவர் கப்பலுக்குக் காத்திருந்தார். வயது 37. பெயர் இட்சிங். சீனத்து பௌத்தத் துறவியான அவர் போக வேண்டிய இடம் நாளந்தா. வடகிழக்குக் காற்று எழும்பினால்தான் கப்பல் கிளம்பும். அதுவரை குனோங் ஜெராய் மலையைப் பார்த்தபடி இருக்க வேண்டியதுதான். கடலில் வருபவர்களுக்கு அந்த நாளில் கலங்கரை விளக்கம் கிடையாது. 1,217 மீட்டர் உயர்ந்து நிற்கும் இந்த மலைதான் அடையாளம்.

வெளிநாட்டுப் படிப்புக்கு இன்று அலையும் பிள்ளைகளுக்கு இட்சிங் பட்ட பாடு ஒன்றுகூடப் புதிதாகத் தோன்றாது. சேர்ந்து போகலாம் என்று முதலில் வாக்குக் கொடுத்த நண்பர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஒருவருக்கு வயதான தாயை விட்டுவர மனமில்லை. கடைசியில் கூட வந்தவர் இளம் சீடர் ஒருவர்தான். அவரும் ஸ்ரீவிஜயத்தில் நோய்ப்பட்டு ஊர் திரும்பிவிட்டார். வழிச்செலவு? ஃபெங் என்ற சீன அதிகாரி பொறுப்பேற்றார். அவருடைய தம்பிகளும் வீட்டுப் பெண்களும் தங்கள் பங்குக்குக் கொடுத்தார்கள். பெற்றோரைப் போல் பார்த்துக்கொண்டார்கள் என்று இட்சிங் நன்றியோடு எழுதி வைத்திருக்கிறார்.

671இல் கான்டனில் பாரசீகக் கப்பலில் ஏறியவர் இருபது நாளுக்குள் ஸ்ரீவிஜயத்தை, அதாவது இன்றைய சுமத்ராவின் பாலெம்பாங்கை, அடைந்தார். அங்கிருந்து நேரே இந்தியாவுக்கு ஓடவில்லை. ஆறு மாதம் தங்கிச் சமஸ்கிருத இலக்கணம் படித்தார். பிறகு மலாயுவில் இரண்டு மாதம், அதன் பிறகு கெடா. இங்கிருந்து அரசனுடைய கப்பலில் இடம் கிடைத்தது. பத்து நாளுக்கு மேல் வடக்கே ஓடி, நிக்கோபார் என்று கருதப்படும் தீவுகளைத் தொட்டார்கள். தீவுக்காரர்கள் படகுகளில் தேங்காய் கொண்டுவந்து இரும்பு கேட்டார்களாம். இரண்டு விரல் அளவு இரும்புக்கு ஐந்து முதல் பத்துத் தேங்காய். கெடாவின் சுங்கை பத்துவில் செம்பனைத் தோட்ட மண்ணுக்கடியில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் வெளிவந்த பிறகு இந்தக் கணக்கைப் படிக்கத் தனிச் சுவை இருக்கிறது.

673இன் இரண்டாம் மாதத்தில் வங்காளத்துத் தாம்ரலிப்தியில் இறங்கியவர் அங்கேயும் ஓராண்டு மொழி படித்தார். அதன் பிறகே நாளந்தா. போகும் வழியில் நோய்வாய்ப்பட்டுப் பின்தங்கி, கொள்ளையரிடம் உடுதுணியையும் இழந்தார். வெள்ளைத் தோல்காரனைப் பிடித்துப் பலி கொடுப்பார்கள் என்று யாரோ சொன்ன பயத்தில் உடம்பெல்லாம் சேறு பூசி, இலையால் மறைத்துக்கொண்டு இரவில் தோழர்களைப் போய்ச் சேர்ந்தார். நாளந்தாவில் பத்தாண்டு படித்துவிட்டுத் திரும்பும்போதும் கெடா வழிதான்.

இவ்வளவுக்கும் பிறகு இட்சிங் பின்னால் வருபவர்களுக்குச் சொன்ன அறிவுரை ஒன்று உண்டு. இந்தியாவுக்குப் படிக்கப் போகிறவர்கள் முதலில் ஸ்ரீவிஜயத்தில் ஓரிரு ஆண்டு தங்கி முறைகளைப் பழகிக்கொண்டு போகட்டும் என்பதே அது. இடைவழியில் ஒரு பள்ளி வேண்டும் என்கிறார். அனுபவசாலியின் பேச்சு.

தன்னைப்போல் மேற்கே படிக்கப் போன 56 துறவிகளின் வரலாற்றையும் அவர் எழுதினார். அவர்களில் ஊசிங் என்பவரின் பயணம் தமிழருக்கு நெருக்கமானது. மலாயுவிலிருந்து பதினைந்து நாளில் கெடா. குளிர்காலக் கடைசியில் அங்கிருந்து மேற்கே முப்பது நாள் ஓடி இறங்கிய துறை நாகப்பட்டினம். அங்கிருந்து இரண்டு நாளில் இலங்கை.

ஆக, கெடா–நாகப்பட்டினம் மாணவர் தடம் ஏழாம் நூற்றாண்டிலேயே விழுந்துவிட்டது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடாரத்து அரசன் ஸ்ரீமாற விஜயோத்துங்கவர்மன் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரில் நாகையில் விகாரம் எழுப்ப, ராஜராஜ சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே விட்டுக்கொடுத்தான். 1025இல் அவன் மகன் படையெடுத்துக் கடாரம் கொண்டான் ஆனதைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள், விகாரத்தைத்தான் மறந்துவிட்டோம். அந்த இடத்தில் எஞ்சி நின்ற கோபுரத்தை 1867இல் இயேசு சபையினர் இடித்தார்கள். அவர்கள் 1844இல் நாகையில் தொடங்கிய புனித வளனார் கல்லூரிதான் 1883இல் திருச்சிக்குப் போய் இன்றும் நடக்கிறது.

நடுவில் பல நூற்றாண்டுகளைத் தாண்டிவிடலாம். 1909இல் கெடா சயாமியர் கையிலிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது. சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் சுற்றுவட்டாரமெல்லாம் பால்மரக் காடானது. நாகப்பட்டினத்துக் கப்பல் இப்போது எதிர்த்திசையில் ஆள் கொண்டுவந்தது, படிக்க அல்ல, பால் வெட்ட.

அந்தக் காலக் கெடாவிலிருந்து யார் வெளிநாட்டுக்குப் படிக்கப் போனார்கள்? சுல்தானின் மகன் போனார். துங்கு அப்துல் ரஹ்மான் மாநில அரசின் உபகாரச் சம்பளத்தில் 1920இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறி, கேம்பிரிட்ஜில் 1925இல் பட்டம் வாங்கினார். பாடப்புத்தகத்தைவிடக் காரிலும் பந்தயத்திலும் நாட்டம் இருந்ததை அவரே மறைத்ததில்லை. வழக்கறிஞர் பட்டம் கைக்கு வர 1949 ஆயிற்று. திரும்பி வந்து நாட்டின் முதல் பிரதமரானார் என்பதால் அந்தத் தாமதத்தை யாரும் குறை சொல்வதில்லை.

தோட்டத்துப் பிள்ளைக்கு அந்தச் சலுகை கிடையாது. விடியுமுன் பிரட்டுக்கு ஓடும் அப்பா அம்மா, ஒரே கொட்டகையில் பல வகுப்புகள், ஒன்றிரண்டு ஆசிரியர்கள். ஆறாம் வகுப்போடு தமிழ்ப்பள்ளி முடியும். மேலே படிக்க வேண்டுமென்றால் பட்டணத்துப் பள்ளி. லயத்துக்கும் பட்டணத்துக்கும் நடுவே உள்ள செம்மண் சாலைதான் அவன் தாண்ட வேண்டிய முதல் கடல். தாண்டியவனையும் நேரே படிவம் ஒன்றில் உட்கார வைக்க மாட்டார்கள். தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓராண்டு புகுமுக வகுப்பு. முன்பு ஆங்கிலத்துக்காக, பின்னர் மலாய்க்காக. ஒரு வயது கூடிப்போன வெட்கம் சிலருக்குக் கடைசிவரை போகவில்லை. ஆனால் இட்சிங் கேட்ட இடைவழிப் பள்ளிக்குக் கெடாவில் கிடைத்த வடிவம் இதுதான். அதைத் தண்டனையாக நினைத்தது சமூகத்தின் தப்பு.

பட்டப்படிப்புக்குப் போக முடிந்த சிலருக்கு இந்தியா இருந்தது. சுங்கை பட்டாணியிலிருந்து பிறை வரை ரயில், பெர்ரியில் பினாங்கு, அங்கிருந்து ராஜுலா. 1926இல் கிளாஸ்கோவில் கட்டிய அந்தக் கப்பல் 1973 வரை இந்தக் கடலில் ஓடியது. கையில் காசு குறைந்தவர்களுக்கு டெக் டிக்கெட். தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துப் பாயை விரித்த இடம்தான் ஒரு வாரத்துக்கு வீடு. ஊசிங் இறங்கிய அதே நாகப்பட்டினம், பிறகு மதராஸ். ராஜுலாவுக்குப் பின் வந்த சிதம்பரம் கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பற்ற, அத்தோடு கப்பல் பயணக் காலமும் முடிந்தது.

இப்படிக் கடல் தாண்டிப் படித்தவர்களில் ஒருவர் வீ. தி. சம்பந்தன். அவர் கெடாக்காரர் அல்லர். பேராக்கின் சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்தவர். சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தார். போர் வந்து கடல் அடைபட்டதால் ஊர் திரும்ப ஆண்டுகள் ஆயின. பின்னாளில் ம.இ.கா. தலைவராகவும் அமைச்சராகவும் இருந்தபோது வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். லயத்தைக் காலி செய்யச் சொன்னால் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போவான்? 1960இல் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நூறு வெள்ளிப் பங்கு. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். தோட்டம் தோட்டமாக நடந்து, பால்வெட்டிகளிடம் அதைச் சேர்த்தார்கள். அந்தப் பணத்தில் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவில்தான் இருக்கிறது: கூலிம் பக்கத்துப் புக்கிட் சீடிம்.

நாளடைவில் அதே சங்கம் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி நிதியும் கொடுத்தது. பல்கலைக்கழகம் போன தோட்டத்துப் பிள்ளையின் கதை பெரும்பாலும் அவனுடைய கெட்டிக்காரத்தனத்தின் கதையாகவே மேடைகளில் சொல்லப்படுகிறது. அது பாதிக் கதை. ஃபெங் வீட்டுப் பெண்கள் கொடுத்ததும், கெடா அரசாங்கம் துங்குவுக்குக் கொடுத்ததும், பால்வெட்டி மாதாமாதம் கட்டிய பத்து வெள்ளியும் இல்லாமல் யாரும் கப்பலேறவில்லை.

எண்பதுகளுக்குப் பின் காட்சி மாறியது. 1984இல் ம.இ.கா.வின் கல்விக் கரமாக எம்.ஐ.இ.டி. அமைந்தது, அதே ஆண்டு கெடாவிலேயே வட மலேசியப் பல்கலைக்கழகம் தொடங்கி, பிறகு சிந்தோக் காட்டுக்குள் குடியேறியது. 1996இன் தனியார் உயர்கல்விச் சட்டம் இன்னொரு கதவைத் திறந்தது. படிப்பில் பாதி உள்நாட்டில், பாதி வெளிநாட்டில் என்பது சகஜமானது. 1997இல் தொடங்கிய மலாக்கா மணிப்பால் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர்கள் முதல் இரண்டரை ஆண்டைக் கர்நாடகத்து மணிப்பாலிலும் மீதியை மலாக்காவிலும் படித்தார்கள். 2001இல் எம்.ஐ.இ.டி. நிறுவிய ஏம்ஸ்ட் பல்கலைக்கழகம், சுங்கை பட்டாணி அமான்ஜெயாவில் தற்காலிக இடத்தில் தொடங்கிப் பின்னர் செமிலிங்கில் 230 ஏக்கர் வளாகத்துக்குப் போனது. பீடோங்கிலிருந்து மெர்போக் போகும் சாலை அது. பழைய கடாரத்தின் எச்சங்களைக் காட்டும் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகமும் அந்தப் பக்கம்தான். மருத்துவமும் பல் மருத்துவமும் படிக்க இப்போது மற்ற மாநிலங்களிலிருந்து கெடாவுக்கு வருகிறார்கள்.

இந்தக் கதையில் இளவரசர் பகுதிக்கும் துறவிகள் பகுதிக்கும் எழுத்துச் சான்று நிறைய இருக்கிறது. தோட்டத்துப் பகுதிக்குத்தான் குறைவு. கெடா வாசகர்கள் வீட்டில் பழைய தகரப் பெட்டி ஏதும் இருந்தால் திறந்து பாருங்கள். ராஜுலா டிக்கெட், சிதம்பரத்திலிருந்தோ மதராசிலிருந்தோ வந்த கடிதம், சங்கத்தின் பங்குப் பத்திரம், புகுமுக வகுப்புப் படம் எது கிடைத்தாலும் பழைய தாள்காரனிடம் போட்டுவிடாதீர்கள். போனவர் பெயர், தோட்டத்தின் பெயர், கப்பலேறிய ஆண்டு, செலவுக்குக் கை கொடுத்தவர்கள் யார் யார் என்பதை ஒரு பக்கத்திலாவது எழுதி அதோடு சேர்த்து வையுங்கள். விவரம் தெரிந்த பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.