ஆளியும் கெராங்கும்

கிள்ளான் சந்தையில் கெராங் என்றாலே போதும், எவருக்கும் விளங்கும். வரிவரியாய்ப் பள்ளமோடிய அச்சிறு உயிருக்குத் தமிழ்ப்பெயர் யாதென மாணவர் வினவின், 'சிப்பி' என்று கூறி அமைகிறோம். மலாய்க்காரர் தீராம் என்பதையும் சிப்பி என்றே எழுதுகிறோம். முன்னது சேற்றுள் புதைந்து வாழ்வது. பின்னது பாறையிலும் அலையாத்தி வேரிலும் ஒட்டிப் பெயராதிருப்பது. இரண்டும் வெவ்வேறு உயிர்கள்.

தமிழில் சொல் இல்லாமலில்லை. தூத்துக்குடிக் கரையில் பாறையொட்டியை ஆளி என்பர். மண்ணுள் புதைவனவற்றை மட்டி என்பர். எனினும் புலவர் போற்றியது முத்துச்சிப்பியையே. அங்கும் விலை முத்துக்குத்தான்: மன்னார் வளைகுடாவில் குளித்தெடுத்த சிப்பியைக் குவித்து, தசையை அழுகவிட்டு, கழுவி முத்தெடுத்தனர். உண்ணும் ஆளியின் பெயர் கரையோரப் பேச்சோடு தங்கிற்று. தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் ஆளி வளர்ப்பை ஆராய்ந்ததும் 1970களில்தான்.

மலாயாத் தோட்டங்களுக்கு வந்தோரில் பெரும்பாலோர் திருச்சி, தஞ்சை, சேலம், ஆர்க்காட்டுப் பகுதிகளின் உழவுக் குடியினர். நத்தையும் வயல் நண்டும் அவர்கள் அறிந்தவை, ஆளியை அறியார். பிரிக்பீல்ட்ஸ் இரயில்வேக் குடியிருப்புகளில் வாழ்ந்த யாழ்ப்பாணத்தார் கடல் சூழ்ந்த நிலத்தவரே. ஆயினும் எழுத்தர் பணிக்கு வந்த அவர்களின் கடற்சொற்கள் சந்தைக்கு வந்து சேரவில்லை. ஆகவே புதிய கரையில் கண்ட பொருளுக்கு அக்கரையின் பெயரே நிலைத்தது. இதனைக் கலப்பு என்று இகழ்வது வரலாறு அறியாமையாம்.

கெராங் வளர்ப்பு இந்நாட்டில் 1948இல் பேராக்கில் தொடங்கிற்று. கோல சிலாங்கூர்ச் சேற்றுக்கரைக்கும் பின்னர் வந்தது. இயற்கையில் பிறக்கும் குஞ்சுகளை அள்ளிச் சேற்றுத்திட்டில் தூவுவர். நெருக்கம் மிகின் கலைத்து இடம் மாற்றுவர். ஓராண்டுக்கு மேல் வளர்ந்தபின் நீண்ட பிடியுள்ள கம்பிக்கூடையால் படகிலிருந்து வாருவர். அக்குஞ்சுக்கு மலாயில் வழங்கும் பெயர் பெனே. விதை என்பது பொருள். விதைப்பும் அறுவடையும் கொண்ட இத்தொழிலைச் சொல்ல நம் உழவர் மொழியில் சொற்பஞ்சமில்லை என்பது எமக்கு வியப்பே. அண்மைக் காலத்தில் குஞ்சு அருகியும் நீர் மாசுற்றும் விளைச்சல் வெகுவாகச் சரிந்துள்ளது.

பாடநூலில் தீராமுக்கு ஆளி என்றே எழுதலாம். ஆளி சிங்கத்தையும் குறிக்குமே எனத் தடை எழுப்புவர். பாறையில் ஒட்டிய சிங்கத்தை எம்மாணவரும் எண்ணார். கெராங் கெராங்காகவே இருக்கட்டும். அருகே 'மட்டியினம்' என ஒரு குறிப்பு போதும்.